முகத்தை அப்புறம் பாருங்கள்: ஆப்பிரிக்க உருவப் பானைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் கலை என்றதும் மர முகமூடியும் பெனின் நகரத்துப் பித்தளைத் தலைகளும்தான் பலருக்கு நினைவு வரும். மண்பாண்டத்துக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை. அருங்காட்சியகத்தில் பானை இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். நானும் பல வருடம் அப்படித் தாண்டிப் போனவன்தான். பிறகு ஒருநாள் நின்றேன். அன்றிலிருந்து விட முடியவில்லை. மனித உருவம் கொண்ட இந்தப் பானைகளைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைப் பதிலோடு இங்கே தருகிறேன். ஆப்பிரிக்கா ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். ஓர் ஊர் வழக்கம் அடுத்த ஊரில் இருக்காது. அதனால் எந்த மக்கள், எந்த இடம் என்பதைக் கூடவே சொல்லிவிடுகிறேன்.

உருவப் பானை என்று எதைச் சொல்கிறீர்கள்? சுடுமண் சிலையும் அதுவும் ஒன்றா?

இரண்டும் சுட்ட மண்தான். ஆனால் பானைக்கு உள்ளிடம் உண்டு; அது எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

பானைக்கு வாய், கழுத்து, வயிறு, அடி என்று நாம் தமிழில் சொல்கிறோம். நமக்கு அது பேச்சு வழக்கு, அவ்வளவுதான். நைஜீரியாவின் வடகிழக்கிலும் கேமரூனின் வடக்கிலும் பானை வனையும் பெண்கள் அதைக் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் பானையில் வாய் என்றால் பேசுகிற வாய். வயிற்றில் தொப்புள் இருக்கும். தோளிலிருந்து கை இறங்கும். பானைமேல் ஓர் ஆளின் உருவத்தை ஒட்டியதாக நினைத்துப் பார்த்தால் இது புரியாது. பானையே அந்த ஆள்.

ஒரு பானைக்கு முன்னால் நிற்கிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

வயிற்றை. முகம் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் பார்க்கலாம்.

என்னை முதலில் நிற்கவைத்தது கஆண்டா மக்களின் பானை வகை. இவர்கள் நைஜீரியாவின் அடமாவா மாநிலத்தில், கொங்கோலா ஆற்றையொட்டிய குன்றுகளில் வாழ்கிறவர்கள். ங்கும்ங்குமி என்ற காவல் ஆவிக்கு ஒரு பானை வனைவார்கள். தலை சின்னது, உடம்பு பெரியது. உடம்பு முழுக்கப் புள்ளி வரிசைகள். தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம் என்றுதான் தோன்றும். குனிந்து கிட்டப் போனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகக் கையால் வந்தது என்று தெரியும். வயிறு அகலும் இடத்தில் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. கழுத்தை நெருங்கும்போது நெருக்கமாகிறது. பொறுமையான ஒரு கை அங்கே பல மணி நேரம் இருந்திருக்கிறது.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதை 1980களில் அங்கே களப்பணி செய்த மார்லா பெர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். கஆண்டாப் பெண் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலிருந்து கல்யாண வயது வரை, கட்டம் கட்டமாக, உடம்பில் நுண்ணிய கீறல்களால் கோலம் இடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. அதற்கு ஹ்லீட்டா என்று பெயர். பானையின் வயிற்றில் இருப்பதும் அதே கோலம்தான். ஒரு பெண்ணின் உடம்பை ஊருக்குரியதாக ஆக்கிய அதே அடையாளம், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவிக்கும் உடம்பு கொடுத்து, இவன் எங்களவன் என்று ஊருக்குள் இருத்திவைக்கிறது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இது தெரிந்த பிறகு அந்தப் புள்ளிகளை அலங்காரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயிற்றுக்கு அடுத்து வாய் விளிம்பைப் பாருங்கள். தேய்ந்திருக்கிறதா, எதையாவது ஊற்றி ஊற்றிக் கறை படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகு முகத்துக்கு வரலாம்.

உள்ளே என்ன வைப்பார்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் யாரோ ஒருவர்தான் கேட்பார்.

தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் எயின்லே என்றொரு தெய்வம். வேட்டைக்காரனாக இருந்து ஆறாக மாறியவன் என்பது கதை. அவனுக்கு வைக்கும் பானைக்கு 'எயின்லேயின் கற்களுக்கான கலம்' என்று பொருள்படும் பெயர். ஆற்றங்கரையில் உருண்டு வழவழப்பான கற்களை உள்ளே போட்டு, ஆற்று நீரை ஊற்றி வைப்பார்கள். ஆற்றின் அடியில் கல் எப்படிக் கிடக்கிறதோ, அப்படியே வீட்டுக்குள் பானையில் கிடக்கும். ஒரு முழு ஆற்றைக் கையளவு கலத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தப் பானைகளில் பெயர்பெற்றவர் ஓகே-ஓடான் என்ற ஊரைச் சேர்ந்த அபாட்டன். குயவர் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் முதிர்ந்த வயதிலும் வனைந்துகொண்டிருந்தார். அவர் செய்த மூடிமேல் ஒரு பெண் உருவம் இருக்கும். தலை பெரிது, முகத்தில் சலனமே இல்லை. யொரூபாவில் குளிர்ச்சிக்கு இடுடு என்று சொல். பதற்றம் இல்லாத, நிதானமான குணத்துக்கும் அதே சொல்தான். 'மனசு குளிர்ந்தது' என்று பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே குளிர்ந்த நீர், மேலே குளிர்ந்த முகம்.

மற்ற இடங்களில் பெரும்பாலும் தானியத்தில் காய்ச்சிய பீர் ஊற்றுவார்கள். வடக்கு கானாவின் கோமா பகுதியில் தோண்டி எடுத்த பழைய சுடுமண் உருவங்களை மருத்துவமனை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து தெரியாத நுண்ணிய குழிகளும் துளைப் பாதைகளும் உள்ளே இருந்தன. எதையோ ஊற்றியிருக்கிறார்கள். அவை பானை அல்ல; ஆனாலும் உள்ளிடம் அங்கேயும் இருந்தது.

நோயைப் பானைக்குள் இறக்குவார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. நைஜீரியாவின் பெனுவே ஆற்றின் மேல்பகுதியில் சாம்-ம்வானா, லொங்குடா என்ற மக்களிடம் இந்த வழக்கம் இருந்தது. உடம்பு முடியாதவர் குறி சொல்பவரிடம் போவார். என்ன நோய், எந்த ஆவியால் வந்தது என்று அவர் கண்டு சொன்னதும் களிமண் எடுத்து நோயாளியின் உடம்பில் ஒற்றியோ, உடம்பைச் சுற்றியோ, அந்த மண்ணைக் கொண்டு ஒரு கலம் வனைவார்கள். நோய் எப்படியோ கலத்தின் வடிவமும் அப்படி. கொப்புள நோய் என்றால் மேலெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். வயிற்று நோய்க்கு வயிறு ஊதியிருக்கும். முதுகு வளைந்தவையும், வாயை அகலத் திறந்தவையும் உண்டு. நோய் இப்போது அந்த மண்ணுக்குள் போய்விட்டது.

சாம்-ம்வானா மக்களின் இந்தக் கலங்களை அருங்காட்சியகங்களில் பார்க்கும்போது பலர் 'கோரமாக இருக்கிறதே' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அழகுக்காக வனைந்தவை அல்ல அவை. ஒருவருடைய வலிக்கு வடிவம் தேடி, அதை அவரிடமிருந்து பிரித்து வெளியே வைத்த மண். என்னைக் கேட்டால் இந்த வகைப் பானைகளில் மனதை அதிகம் தொடுவது இவைதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் இருந்திருக்கும்.

பானையை ஆளாகவே நினைப்பது எல்லா இடத்திலும் உண்டா?

எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் வடக்கு கேமரூனின் மந்தாரா மலையில் வாழும் மாஃபா மக்களிடம் மிக வெளிப்படையாக உண்டு. அங்கே பல வருடம் தங்கி ஆராய்ந்த நிக்கோலஸ் டேவிட், ஜூடி ஸ்டெர்னர் ஆகியோர் 1988இல் சக ஆய்வாளர் ஒருவரோடு எழுதிய கட்டுரை ஒன்றின் கேள்வி, பானைகளுக்கு ஏன் அலங்காரம் என்பது. பானையும் மனித உடம்பும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன, உடம்பைக் காக்கும் அதே குறிகள்தாம் பானையையும் காக்கின்றன என்பது அவர்கள் கண்ட விடை. மாஃபா வீட்டில் இறந்துபோன தகப்பனுக்கு ஒரு பானை உண்டு, கடவுளுக்கே ஒரு பானை உண்டு. மகன் அதற்குப் பீர் ஊற்றிப் பேசுவான்.

நைஜீரியாவின் யுங்குர் மக்களிடம் வீஸோ என்ற பானைகள் இதற்குப் பக்கத்து உறவு. இறந்த தலைவர்களின் ஆவி தங்குவதற்கு ஆளுக்கு ஒரு பானை. கழுத்து நீண்டு, மேலே முகம், வாய் திறந்தபடி இருக்கும். பல பானைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் பழைய புகைப்படத்தைப் பார்த்தால், திண்ணையில் பெரியவர்கள் கூடி ஏதோ விவாதிப்பதுபோல இருக்கிறது.

இதையெல்லாம் செய்வது யார்?

பெரும்பாலும் பெண்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் கொல்லர் வீட்டுப் பெண்கள். கணவன் இரும்பை அடிப்பான், மனைவி மண்ணைப் பிசைவாள். இரண்டையும் நெருப்புதான் முடித்துத் தரும். மாலியின் மாண்டே மக்களிடமும், மேலே சொன்ன மாஃபா மக்களிடமும் இப்படித்தான். மாஃபா கொல்லர்களே ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்கிறவர்களும்கூட. ஊருக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. ஆனாலும் மற்றவர்கள் அவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை.

ஆண்களும் உண்டு. காங்கோ ஆற்றின் முகத்துவாரப் பக்கம், முபா என்ற ஊரில் வோயோ இனத்தைச் சேர்ந்த வோவானியா என்ற குயவர் இருந்தார். 1928இல் இறந்தார். உருண்டையான பானைமேல் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல வனைவார். தன் பெயரையும் மண்ணிலேயே பதித்துவிடுவார். அந்தக் காலத்து ஆப்பிரிக்கக் கலைப் பொருள்களை எடுத்தால் 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்ற சீட்டுதான் எங்கும் ஒட்டியிருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளாதது வாங்கிப் போனவர்களின் அலட்சியம். வோவானியா அதற்கு இடம் வைக்கவில்லை.

சக்கரம் இல்லாமலா இவ்வளவு சீராக வருகிறது?

ஆமாம். நம் ஊரில் சக்கரம் சுற்றும், குயவர் உட்கார்ந்திருப்பார். நைஜீரியாவின் குவாலி ஊரில் பானை நிற்கும், குயவப் பெண் சுற்றுவார்.

லாடி குவாலி என்ற பெயரைத் தேடிப் பாருங்கள்; பழைய படங்கள் கிடைக்கும். மண் உருண்டையில் முஷ்டியால் குத்திக் குழி செய்கிறார். மண்ணைப் பருமனான திரியாக உருட்டி விளிம்பில் வைத்து அழுத்துகிறார். அப்புறம் பின்பக்கமாகவே நடந்து பானையைச் சுற்றி வருகிறார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. சுவர் மெல்லிசாகி மேலே எழும்புகிறது. அது முடிந்ததும் பல்லி, தேள், பாம்பு, பறவை என்று கூரான குச்சியால் கீறுகிறார். 1950இல் அபுஜா (இன்றைய சுலேஜா நகர்) அமீரின் வீட்டில் அவருடைய பானையைப் பார்த்துவிட்டு, ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ அசந்துபோனார். அவர் நடத்திய பயிற்சி நிலையத்தில் 1954இல் சேர்ந்த லாடி குவாலிதான் அங்கே சேர்ந்த முதல் பெண். நைஜீரியாவின் 20 நைரா நோட்டைத் திருப்பினால் பானையோடு இருப்பவர் அவர்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் அவருடைய பானைகளுக்குப் பளபளப்புப் பூச்சுக் கொடுத்து, மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஊர்ப் பானையின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும்; பூச்சு அந்தக் கசிவை அடைத்துவிடும். தண்ணீர்ப் பானை, அலமாரியில் வைக்கும் பானையாகிவிட்டது. இரண்டு வகையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கையில் ஒன்றுதான் கொடுப்பேன் என்றால் ஊர்ப் பானையைக் கேட்பேன்.

பானையில் கறுப்புத் திட்டு இருக்கிறதே, அது குறையா?

இல்லை. சூளை கட்டாமல், திறந்த வெளியில் பானைகளைக் குவித்து, விறகும் புல்லும் வறட்டியும் போட்டு எரிப்பார்கள். வெப்பம் பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரி வரை போகும், சீக்கிரமே இறங்கிவிடும். விறகு பட்ட இடத்தில், புகை தங்கிய இடத்தில் கறுக்கும். எரிந்த நாளின் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கு அதுவே சாட்சி. சில இடங்களில் பானை சூடாக இருக்கும்போதே மரப்பட்டையோ காய்த்தோலோ ஊறிய நீரைத் தெளிப்பார்கள். அது வேறு மாதிரிப் பழுப்புக் கறை.

இவ்வளவு வேகமாகச் சூடேறினால் பானை வெடிக்காதா என்று கேட்கலாம். அதற்காகத்தான் மண்ணில் மணலோ, பழைய பானைத் துண்டுகளை இடித்த பொடியோ கலப்பது. பாட்டி பானையின் தூள் பேத்தி பானையில் இருக்கும்.

முகம் நிஜமான ஒருவருடைய சாயலா?

கானாவின் அகான் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரச குடும்பத்திலும் பெரிய இடத்திலும் யாராவது இறந்தால் அவருக்காகச் சுடுமண் தலை செய்வது 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வழக்கமாக இருந்தது. ஆனால் பல தலைகள் ஒரே மாதிரி இருக்கும்: நெற்றி அகன்று, கண் பாதி மூடி, கழுத்தில் வளையம் வளையமாக மடிப்பு. அந்த மடிப்பு செழிப்புக்கும் அழகுக்கும் அடையாளம். சாயலைத் தேடினால் சிகை அலங்காரத்தையும் முகத் தழும்பையும் பாருங்கள். இவர்தான் அவர் என்று சொந்தக்காரர்கள் அதை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள்.

அவர்களிடமே அபுசுவா குருவா என்று இன்னொன்று உண்டு. 'குலத்துப் பானை' என்று சொல்லலாம். துக்கத்தில் இரத்த உறவினர்கள் தலை மழித்து, அந்த முடியை இந்தப் பானையில் போட்டு, புதைகுழியில் அல்லாமல் தனியாக 'பானைகளின் இடம்' என்ற ஒரு தோப்புக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். செத்தவர் ஒருவர், பானைக்குள் இருப்பதோ உயிரோடு இருக்கும் அத்தனை பேரும். துக்க வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட தலையுள்ள காங்கோப் பானைகள் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தவை என்கிறார்களே?

பெரும்பாலும் அப்படித்தான். வடகிழக்குக் காங்கோவின் மங்க்பெட்டு மக்கள் அந்தக் காலத்தில் குழந்தையின் தலையைத் துணியால் சுற்றி நீளமாக்கிவந்தார்கள். பெண்கள் கூந்தலை விசிறிபோல மேலே விரித்துக் கட்டினார்கள். அந்தத் தலையைக் கழுத்தாகக் கொண்ட பானைகள் 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது வருடங்களில்தான் பெருகின. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஹெர்பர்ட் லாங், ஜேம்ஸ் சாப்பின் என்ற இருவர் 1909 முதல் 1915 வரை அங்கே சுற்றிப் பொருள் சேர்த்தார்கள். காலனி அதிகாரிகளும் கேட்டார்கள். கேட்கக் கேட்க உருவப் பானைகள் அதிகமாயின. அரசவையில் பரிசாகவும் கொடுத்தார்கள்.

அதற்காக அதைப் 'போலி' என்று தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. புதிதாக ஆள் வந்து கேட்டான், கைத்திறன் உள்ளவர் தன் ஊர் அழகைக் கொண்டு பதில் சொன்னார். அந்தப் பானைகளின் மெல்லிய சுவரையும் கூந்தல் விசிறியின் வளைவையும் பாருங்கள். கடனே என்று செய்த கை அது அல்ல. ஆனால் 'ஆதிகாலச் சடங்குப் பானை' என்று எழுதி விற்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

இவற்றில் மிகப் பழமையானது எது?

சஹாராவுக்குத் தெற்கே கிடைத்த உருவங்களில், நைஜீரியாவின் நோக் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் சுடுமண் முன்னால் நிற்கிறது, கி.மு. முதல் ஆயிரத்தைச் சேர்ந்தது. 1928இல் தகரச் சுரங்கம் தோண்டும்போது தலைகாட்டியது. 1943இல் கிடைத்த ஒரு தலையை யாரோ வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் திருஷ்டிப் பொம்மைபோலக் கம்பில் நட்டு வைத்திருந்தார்; பெர்னார்ட் ஃபேக் என்ற அதிகாரியின் கைக்கு அது வந்த பிறகுதான் தேடல் சூடுபிடித்தது. தென்னாப்பிரிக்காவின் லைடன்பர்க்கில் கிடைத்த ஏழு தலைகள் சுமார் கி.பி. 500ஐச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு ஒரு மனிதரின் தலைக்குமேல் கவிழ்க்கும் அளவுக்குப் பெரியவை.

வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பழைய பொருள் என்றால் வாங்காதீர்கள். நோக், இஃபே, மாலியின் நைஜர் பள்ளத்தாக்கு, நைஜர் நாட்டின் புரா, வடக்கு கானா ஆகிய இடங்களின் சுடுமண் உருவங்களை சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2000இல் வெளியிட்ட, சூறையாடலுக்கு ஆளாகும் பொருள்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாலியின் பழைய ஜென்னே நகரைச் சுற்றி ஆயிரக்கணக்கான குழிகள் போட்டுச் சூறையாடினார்கள். எந்த வீட்டில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பொம்மை. பிரான்ஸ் அருங்காட்சியகம் ஒன்றுக்காக வாங்கிய மூன்று உருவங்கள் நைஜீரியாவின் சொத்து என்று 2002இல் பிரான்ஸே ஒப்புக்கொண்டு, கடனாகப் பெற்றுக் காட்சிக்கு வைக்க வேண்டியதாயிற்று.

வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று தோராயமாகச் சொல்லும். ஆனால் பழைய ஓட்டுத் துண்டுகளை ஒட்டிப் புது உருவம் செய்து, சோதனைக்குப் பழைய துண்டிலிருந்தே தூள் எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் காகிதம் எந்தச் சூறையையும் சுத்தமாக்காது.

ஆசையாக இருக்கிறதென்றால் இன்று உயிரோடு இருக்கும் குயவரிடம், அவர் பெயரைக் கேட்டு, எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

இன்றைய கலைஞர்கள் யாராவது இந்த வழியில் வருகிறார்களா?

மக்டலீன் ஒடுண்டோ. 1950இல் நைரோபியில் பிறந்தவர். 1970களில் அபுஜாவுக்குப் போய் லாடி குவாலி முதலிய பெண்களிடம் கையால் வனையக் கற்றார். அவர் பானைகளில் கண் காது மூக்கு கிடையாது. இடுப்பு மாதிரி ஒரு வளைவு, கர்ப்பிணி வயிறு மாதிரி ஒரு திரட்சி, நிமிர்ந்த கழுத்து. அவ்வளவில் ஒரு பெண் நின்றுவிடுவாள். ஒருமுறை சுட்டால் செம்மஞ்சள், காற்றில்லாமல் மறுமுறை சுட்டால் கருமை.

நேரில் எங்கே பார்க்கலாம்? கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எவ்வளவுதான் தெரியும்?

நைஜீரியாவின் ஜோஸ் நகர அருங்காட்சியகத்தில் பானைக்கென்றே ஒரு பகுதி உண்டு. சில்வியா லீத்-ராஸ் என்ற பெண்மணி நாடு முழுவதிலிருந்தும் சேர்த்தது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. பானைகளுக்கு அங்கே நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் 2011இல் பெனுவே ஆற்றுப் பகுதிக் கலைகளுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதன் படங்களைத் தேடிப் பாருங்கள்.

கண்ணாடி ஒரு தடைதான். நான் செய்வது இது: பானையின் வாய் என் கண்ணுக்கு நேரே வரும்வரை முழங்காலை மடக்குவேன். எதிர்ப்பக்க விளக்கு வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தால் உள்சுவர் கொஞ்சம் தெரியும். வெளியே அவ்வளவு வழவழப்பாக மெருகிட்ட பானையின் உள்ளே, மண்ணை மேலிழுத்த விரல்களின் தடம் அப்படியே இருக்கும்; நாலு கோடு, பக்கத்தில் கட்டைவிரல் அழுத்தம்.